எல்லாம் அம்மைதானா? ருபெல்லாவை மற்ற தடிப்புக் காய்ச்சல்களிலிருந்து பிரித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

மதுரைப் பக்கம் பிள்ளையின் உடம்பில் சிவப்பாகப் பொரிந்துவிட்டால் முதலில் வாசல் நிலையில் வேப்பிலை ஏறிவிடும். "அம்மா வந்திருக்கா" என்று பாட்டி சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. நான் மேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள். அந்த வேப்பிலையைக் கழற்றச் சொல்லி எந்த வீட்டிலும் சண்டை போட்டதில்லை. வேப்பிலை தொங்கும் வீட்டுக்குள் வெளியாள் வருவதில்லை, அந்த வீட்டுப் பிள்ளையும் தெருவில் இறங்குவதில்லை. தொற்றுநோய்க்கு அதைவிட நல்ல ஏற்பாடு என்ன இருக்கிறது? என் கவலை வேறு. அம்மை என்ற ஒரு சொல்லுக்குள் பத்துப் பன்னிரண்டு நோய்கள் இருக்கின்றன. அதில் எது வந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் யாரைக் காப்பாற்ற ஓட வேண்டும் என்பது மாறுகிறது.

ருபெல்லா அப்படிப்பட்ட ஒன்று. ஜெர்மன் தட்டம்மை என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். நம் ஊர்களில் மணல்வாரி என்பார்கள். அதே மணல்வாரி அடுத்த ஊரில் தட்டம்மையைக் குறிக்கும். ஆகவே பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ருபெல்லா என்ற பெயர் பிறந்ததே நம் நாட்டில் பரவிய நோயை வைத்துத்தான். 1866-ல் ஹென்றி வீல் என்ற ஆங்கிலேய ராணுவ மருத்துவர், இந்தியாவில் தான் பார்த்த நோய்ப்பரவலை விவரித்தபோது இந்தப் பெயரைக் கொடுத்தார்.

பிள்ளைக்கு இது பெரிய நோய் கிடையாது. மூன்று நாளில் போய்விடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் ஆறு வயதுப் பையனுக்கு லேசான காய்ச்சல், முகத்தில் ரோஸ் நிறத்தில் புள்ளிகள். மூன்றாம் நாள் அவன் கோலி விளையாடிக்கொண்டிருந்தான். அவனை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்ட சித்தி அப்போது இரண்டு மாதம் முழுகாமல் இருந்தாள். பிறந்த பெண் குழந்தையின் இரண்டு கண்மணியிலும் பால் படிந்தது போல வெள்ளை. காதும் கேட்கவில்லை. அந்தப் பையனைப் பார்க்கப் போன அன்று "வீட்டில் யாராவது முழுகாமல் இருக்கிறார்களா" என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தடிப்பு என்று கூப்பிட்ட எந்த வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் திரும்பியதில்லை.

கண்ணால் பார்த்து மட்டும் ருபெல்லா என்று உறுதியாகச் சொல்ல அனுபவமுள்ள மருத்துவராலும் முடியாது, ரத்தம்தான் சொல்ல வேண்டும். ஆனால் எதுவாக இருக்கலாம், எவ்வளவு அவசரம், யாரைத் தள்ளி வைக்க வேண்டும் என்ற மூன்றையும் வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கீழே இருப்பது நான் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பார்க்கும் வரிசை.

படி 1: பெயர் தேடும் முன் ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள்

பிள்ளை தட்டி எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, மூச்சு இரைக்கிறது, வலிப்பு வந்தது, கழுத்து விறைத்திருக்கிறது, விடாமல் வாந்தி, வயிறு கடுமையாக வலிக்கிறது, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கை கால் சில்லிட்டிருக்கிறது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பெரியாஸ்பத்திரியோ பக்கத்து அரசு மருத்துவமனையோ, எது சீக்கிரம் போய்ச்சேருமோ அங்கே போங்கள்.

படி 2: கண்ணாடி தம்ளரால் அழுத்துங்கள்

நம் வீடுகளில் எல்லாம் எவர்சில்வர் தம்ளர். இதற்கு அது ஆகாது. டீக்கடையில் டீ கொடுப்பார்களே, அந்த மாதிரி நிறமில்லாத கண்ணாடி கிளாஸ் வேண்டும். புள்ளி மேல் அதன் பக்கவாட்டை வைத்து அழுத்தி, கண்ணாடி வழியாகப் பாருங்கள். அழுத்தும்போது சிவப்பு மறைந்து, எடுத்ததும் திரும்பி வந்தால் அது ரத்தக்குழாய் விரிந்ததால் வந்த சிவப்பு. ருபெல்லா, தட்டம்மை, மருந்து ஒவ்வாமை எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். அழுத்தியும் மறையாமல் ஊதாவோ கருஞ்சிவப்போ அப்படியே நின்றால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது. காய்ச்சலோடு அப்படி இருந்தால் ரத்தத்தில் கலந்த மூளைக்காய்ச்சல் கிருமியாக இருக்கலாம், தட்டணுக்கள் குறைந்த டெங்குவாக இருக்கலாம். எதுவானாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது.

மாநிறத்திலும் கறுப்பிலும் இந்தச் சோதனை கொஞ்சம் ஏமாற்றும். உள்ளங்கை, உள்ளங்கால், வயிறு, கீழ் இமையின் உள்பக்கம் போன்ற வெளுத்த இடங்களில் பாருங்கள்.

படி 3: நாட்களை எழுதுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. காசு செலவில்லை, காலண்டர் தாள் ஒன்று போதும். காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது, எவ்வளவு இருந்தது, தடிப்பு என்றைக்கு வந்தது, தடிப்பு வந்த பிறகு காய்ச்சல் ஏறியதா இறங்கியதா என்று எழுதி வையுங்கள். மருத்துவர் கேட்கும்போது "ஒரு வாரமா இருக்கு டாக்டர்" என்று சொல்வதைவிட அந்தத் தாளை நீட்டுவது எவ்வளவோ மேல்.

ருபெல்லாவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பல நேரம் தடிப்புதான் முதலில் கண்ணில் படும். காய்ச்சல் 100, 101 டிகிரிக்குள் நின்றுவிடும், சிலருக்கு இருக்கவே இருக்காது. வளர்ந்தவர்களுக்குத் தடிப்புக்கு முன் ஒன்றிரண்டு நாள் உடம்பு அசதி, லேசான சளி, கண் உறுத்தல் வரும். தட்டம்மை இதற்கு நேர்மாறு: மூன்று நான்கு நாள் கொதிக்கிற காய்ச்சல், அப்புறம் தடிப்பு, தடிப்பு வரும்போது காய்ச்சல் இன்னும் ஏறும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மூன்று முதல் ஐந்து நாள் பயங்கரக் காய்ச்சல் அடித்து, காய்ச்சல் விட்ட அன்று நெஞ்சிலும் முதுகிலும் ரோஸ் புள்ளிகள் வந்தால் அது பெரும்பாலும் ரோசியோலா. தானே போய்விடும்.

இன்னும் இரண்டு தேதிகளையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கடைசியாகத் தடுப்பூசி போட்ட தேதி. தட்டம்மை ருபெல்லா ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சில குழந்தைகளுக்கு லேசான காய்ச்சலும் தடிப்பும் வரும். அதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டு, கூட்டத்துக்குப் போய்வந்த தேதி. ருபெல்லா உள்ளே போய் வெளியே தெரிய ஏறக்குறைய இரண்டிலிருந்து மூன்று வாரம் ஆகும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போய் மறுநாளே தடிப்பு வந்தால் அது அங்கே ஒட்டிய ருபெல்லா இல்லை.

படி 4: எங்கே ஆரம்பித்து எப்படி இறங்கியது?

வெளிச்சம் முக்கியம். குழல்விளக்கில் பார்க்காதீர்கள், பகலில் முற்றத்துக்கோ ஜன்னலோரத்துக்கோ கூட்டி வந்து சட்டையைக் கழற்றிப் பாருங்கள். நம் தோலில் ருபெல்லாவின் ரோஸ் நிறம் சில சமயம் தெரியவே தெரியாது. விரல் நுனியால் தடவினால் லேசாக மேடு தட்டும்.

ருபெல்லா முகத்தில் தொடங்கும். ஒரே நாளில் கழுத்து, உடம்பு, கை கால் என்று இறங்கும். கீழே இறங்கும்போதே முகத்தில் மறையத் தொடங்கிவிடும். புள்ளிகள் தனித்தனியாக, சின்னதாக இருக்கும். மூன்றாம் நாள் ஏறக்குறைய எல்லாம் போய்விடும், தோலில் கறை நிற்காது. தட்டம்மையும் மேலிருந்துதான் இறங்கும். காதுக்குப் பின்னாலும் நெற்றி முடியோரத்திலும் ஆரம்பித்து மூன்று நாளில் கால் வரை வரும். ஆனால் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகி முகமே உப்பிவிடும். போகும்போது பழுப்பாகக் கறை விட்டு, உமி போலத் தோல் உரியும்.

நீர் கோத்த கொப்புளம் இருந்தால் ருபெல்லா இல்லை. சின்னம்மையில் உடம்பில்தான் அதிகம் இருக்கும், அரிக்கும், ஒரே இடத்தில் புதுப் புள்ளியும் நீர்க்கொப்புளமும் காய்ந்த பொருக்கும் சேர்ந்தே தெரியும். உள்ளங்கை, உள்ளங்கால், வாய் மூன்றிலும் கொப்புளம் என்றால் கை கால் வாய் நோய். 2022-ல் கேரளத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று பேசப்பட்டதும் இந்த வகைதான்.

கன்னம் இரண்டும் அறை வாங்கியது போலச் சிவந்து, பிறகு கைகளில் வலைப்பின்னல் போல வந்தால் பார்வோ வைரஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வரும். இதுவும் கருவைப் பாதிக்கக்கூடியது, கருவில் ரத்தசோகை உண்டாக்கும். ஆகவே "ருபெல்லா இல்லையே" என்று முழுகாமல் இருப்பவர்கள் பக்கத்தில் போக வேண்டாம். திட்டுத் திட்டாக எழும்பி, அரித்து, காலையில் தொடையில் இருந்தது மதியம் முதுகுக்கு மாறினால் காணாக்கடி. சித்திரை வெயிலில் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் காய்ச்சல் இல்லாமல் பொரிந்தால் வேர்க்குரு. அதற்குப் பருத்தித் துணியும் காற்றும் போதும்.

படி 5: காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள்

ருபெல்லாவுக்கு மிக நெருக்கமான அடையாளம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்வேன். பிள்ளையை மடியில் உட்கார வைத்து, இரண்டு காதுக்கும் பின்னால் உள்ள எலும்பின் மேல், பின்னந்தலை முடியும் இடத்தில், கழுத்தின் பின்பக்கவாட்டில் விரலால் மெதுவாக உருட்டிப் பாருங்கள். நெறி கட்டியிருந்தால் பட்டாணி போல உருளும், தொட்டால் வலிக்கும். தடிப்புக்கு ஒரு வாரம் முன்பே நெறி கட்டத் தொடங்கி, தடிப்பு போன பிறகும் சில வாரம் இருக்கலாம். தலைவாரும்போது "வலிக்குதும்மா" என்று பிள்ளை சொன்னதை அம்மாக்கள் இப்போதுதான் நினைவுபடுத்திச் சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. தலையில் பேன், புண், பொடுகுச் சொறி இருந்தாலும் இதே இடத்தில் நெறி கட்டும். முதலில் தலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

படி 6: கண், மூக்கு, வாய், மூட்டு

கண் இரத்தமாகச் சிவந்து வெளிச்சத்துக்குக் கூச, மூக்கு ஒழுக, விடாத இருமலோடு பிள்ளை சுருண்டு கிடந்தால் தட்டம்மையை நினையுங்கள். தடிப்புக்கு ஒன்றிரண்டு நாள் முன்பு கன்னத்தின் உள்பக்கம், கடைவாய்ப் பல்லுக்கு நேரே, சிவந்த இடத்தில் உப்புத்தூள் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அதைக் கண்டால் தட்டம்மை என்று துணிந்து சொல்லலாம். ருபெல்லாவிலும் மேலண்ணத்தின் பின்பக்கம் சின்னச் சிவப்புப் புள்ளிகள் சிலருக்கு வரும், ஆனால் மற்ற காய்ச்சல்களிலும் அது வருவதால் அதை நம்பி முடிவெடுக்க முடியாது.

தட்டம்மை என்று தோன்றினால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நிமோனியாவுக்குக் கொண்டுபோகக்கூடிய நோய் அது. வைட்டமின் ஏ இரண்டு நாள் இரண்டு தவணை கொடுப்பார்கள். கண்ணையும் உயிரையும் காப்பாற்றுகிற மருந்து.

தொண்டை வலியோடு தோல் உப்புத்தாள் போலச் சொரசொரத்து, நாக்கு சிவந்து பொரிந்திருந்தால் ஸ்கார்லெட் காய்ச்சல். அதற்கு ஆன்டிபயாடிக் கட்டாயம். ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் குறையாமல், பூளை இல்லாத சிவந்த கண், வெடித்த உதடு, வீங்கிய கை கால் என்று சேர்ந்து வந்தால் கவாசாகி நோயாக இருக்கலாம். இதயத்தின் ரத்தக்குழாயைத் தாக்குவது அது. குழந்தை மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள்.

வயதுவந்த பெண்ணுக்கு ருபெல்லா வந்தால் விரல், மணிக்கட்டு, முழங்கால் மூட்டுகள் வலிக்கும். நம் ஊரில் மூட்டு வலி என்றதும் சிக்குன்குனியா என்று முடித்துவிடுகிறார்கள். சிக்குன்குனியாவில் காய்ச்சல் திடீரென்று உச்சத்துக்குப் போகும், எழுந்து நிற்க விடாது, சிலருக்குப் பிறகு மூக்கில் கருமை படியும். ருபெல்லாவில் வலி மிதமாக இருக்கும், பின்கழுத்தில் நெறி இருக்கும். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு லேசான காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி மூன்றும் சேர்ந்தால் கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாள் என்று கேட்டுவிடுங்கள்.

படி 7: டெங்குவைத் தனியாக நினையுங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மதுரையில் தடிப்போடு காய்ச்சல் என்றால் ருபெல்லாவைவிட டெங்குதான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறிகிற வலி, மூன்று நான்கு நாள் கழித்து உடம்பெல்லாம் சிவந்து நடுநடுவே வெள்ளைத் தீவுகள் போலத் தோல் தெரிவது அதன் சாயல். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாம் நிம்மதியாகும் நேரத்தில்தான் டெங்கு கவிழ்க்கும். ருபெல்லாவில் காய்ச்சல் விட்டால் பிள்ளை விளையாடப் போகும். டெங்குவில் காய்ச்சல் விட்டும் பிள்ளை துவண்டு கிடந்தால் ஓடுங்கள்.

வயல், புதர், மலையடிவாரத்தில் வேலை செய்பவர்களுக்கு வாரம் கடந்தும் காய்ச்சல் போகாவிட்டால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப் பட்டை, மார்புக்கடியில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. அது உண்ணிக் காய்ச்சல். நல்ல மருந்து இருக்கிறது, கண்டுபிடிக்கத் தாமதமானால்தான் ஆபத்து.

படி 8: என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?

மெடிக்கலில் காசைக் கொடுத்து "செட் மாத்திரை" வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்கும் தெரியாது. ஆன்டிபயாடிக், வலிப்பு மாத்திரை, வலி மாத்திரை எதுவும் தடிப்பை உண்டாக்கலாம். மாத்திரை ஆரம்பித்துச் சில நாளில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்துக்குள் அது வரலாம். உதடு, வாய், கண், பிறப்புறுப்பு எங்காவது புண்ணாகித் தோல் வெந்தது போல உரிந்தால் மாத்திரையை நிறுத்தி அட்டையோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

என்ன நோய் என்று தெரியும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம்; டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். வேப்பிலை படுக்கை, இளநீர், மோர், கஞ்சி எல்லாம் இருக்கட்டும், தடையில்லை. சின்னம்மைக் கொப்புளத்தின் மேல் மஞ்சள் வேப்பிலை அரைத்துப் பூசுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், உடைந்த இடத்தில் சீழ் வைக்கும்.

படி 9: ரத்தம் எடுக்க வேண்டிய நாள்

காய்ச்சலும் தடிப்பும் வந்த பிள்ளையைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஊர் செவிலியரிடமோ சொல்லுங்கள். தட்டம்மை, ருபெல்லா கண்காணிப்புக்காக அரசே ரத்தமும் தொண்டைச் சளியும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பும், உங்களுக்குச் செலவில்லை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம்.

ஐஜிஎம் என்பது புதிதாகத் தொற்று வந்ததும் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள். தடிப்பு வந்த அன்றே எடுத்த ரத்தத்தில் ருபெல்லா ஐஜிஎம் இல்லை என்று வந்தால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். முதல் சில நாட்களில் பாதிப் பேருக்கு அது இன்னும் ஏறியிருக்காது. நான்கைந்து நாள் கழித்து எடுத்தால் தெளிவாகத் தெரியும், நான்கு வாரம் வரை கிடைக்கும். தொண்டைச் சளியில் வைரஸைத் தேடுவதற்கு இது தலைகீழ்: முதல் மூன்று நாளுக்குள் எடுப்பது நல்லது.

படி 10: பக்கத்தில் முழுகாமல் இருப்பவர்

ருபெல்லா வந்த பிள்ளை தடிப்புக்கு ஏழு நாள் முன்பிருந்து ஏழு நாள் பின்பு வரை பரப்பும். தடிப்பு போய்விட்டாலும் பள்ளிக்கூடத்துக்கு அந்த ஏழு நாள் அனுப்பாதீர்கள். முன்னால் போன ஏழு நாளை நாம் திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் வீடு, தெரு, டியூஷன், வேன் என்று அந்த வாரம் பிள்ளை யார் மடியில் இருந்தது, யார் பக்கத்தில் உட்கார்ந்தது என்று யோசிக்கச் சொல்கிறேன்.

முதல் 12 வாரத்துக்குள் தாய்க்கு ருபெல்லா வந்தால் பத்தில் எட்டு, ஒன்பது கருக்களைப் பாதிக்கும். கலையலாம், இறந்து பிறக்கலாம், கண்புரை, காது கேளாமை, இதய ஓட்டையோடு பிறக்கலாம். 20 வாரம் தாண்டினால் ஆபத்து மிகவும் குறைவு. இதை முதலில் கண்டு சொன்னவர் நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர். 1941-ல், கண்புரையோடு கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் தாய்மார்கள் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா வந்ததாகச் சொன்னதைக் கவனித்தார். நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்களும் இப்படிப் பிறந்த குழந்தைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அங்கே வேலை பார்க்கும் பெண்களையே சோதித்ததில், பெரும்பாலானவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தாலும் சிலருக்கு இல்லை என்று தெரிந்தது.

நெருங்கிப் பழகிய தாய்க்குத் தடிப்பு வரும்வரை காத்திருக்கக் கூடாது. ருபெல்லா வந்தவர்களில் கணிசமான பேருக்குத் தடிப்பே வராது. உடனே ஐஜிஜி (முன்பு வந்த தொற்றோ ஊசியோ விட்டுச்சென்ற நீடித்த எதிர்ப்புப் பொருள்), ஐஜிஎம் இரண்டும் எடுக்க வேண்டும். தொட்டுப் பழகிய ஓரிரு நாளிலேயே ஐஜிஜி இருந்து ஐஜிஎம் இல்லாவிட்டால் பழைய எதிர்ப்புச் சக்தி, நிம்மதியாக இருக்கலாம். இரண்டும் இல்லாவிட்டால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்து, முதல் ரத்தத்தோடு ஒப்பிட வேண்டும். ஐஜிஎம் மட்டும் வந்தால் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு கருவைக் கலைக்க ஓடாதீர்கள். வேறு தொற்றிலும் அது பொய்யாக வரும். எப்போது தொற்று வந்தது என்று கணிக்க ஐஜிஜி பிடிமானச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. மகப்பேறு மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

கடைசியாக ஊசி. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்குள் இருந்த எல்லாருக்கும் தட்டம்மை ருபெல்லா ஊசி போட்டோம். வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பிப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளையைக் கூட்டிப்போன பெற்றோர் இருந்தார்கள். அதன்பிறகு ஒன்பதாவது மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் இரண்டு தவணையாக அது வழக்கமாகிவிட்டது. ஆனால் 2002-க்கு முன் பிறந்த பெண்கள் அந்த முகாமில் சேரவில்லை. இப்போது முதல் குழந்தைக்குக் காத்திருப்பவர்களில் நிறையப் பேர் அவர்கள்தான். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும்போதே ஐஜிஜி பார்த்துவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி இல்லையென்று வந்தால் ஊசி போட்டு ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளி வைத்தால் போதும். கர்ப்பமாக இருக்கும்போது இந்த ஊசி கூடாது. தெரியாமல் போட்டுவிட்டால் அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. கர்ப்பத்தில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று தெரிந்தவர்கள், பிரசவம் முடிந்து மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். பால் கொடுப்பதற்கு அது தடையில்லை.